புளியமரத்தடியில் தொடங்கும் நடை

சார்மினாருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மூசி ஆற்றைத் தாண்டித்தான் போகிறார்கள். ஆற்றை யாரும் பார்ப்பதில்லை. ஹைதராபாத் பழைய நகரத்தை 1908 வெள்ளத்தின் தடம் பிடித்து நடந்து பார்த்த அனுபவம் இது.

ஹைதராபாத்துக்கு வரும் விருந்தினர்கள் எல்லோருக்கும் ஒரே பட்டியல்தான். சார்மினார், சாலார் ஜங் மியூசியம், கோல்கொண்டா கோட்டை, பிரியாணி. நேரம் இருந்தால் முத்து மாலை. என் வீட்டுக்கு வருகிறவர்களை நான் முதலில் அழைத்துப் போகும் இடம் இந்தப் பட்டியலில் இல்லை. அது அப்சல்கஞ்சில், உஸ்மானியா பொது மருத்துவமனை வளாகத்துக்குள் நிற்கும் ஒரு புளியமரம். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று முகத்தாலேயே கேட்பார்கள். அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெரிய மரம்தான்" என்று மரியாதைக்குச் சொல்வார்கள்.

1908 செப்டம்பர் 28ஆம் தேதி மூசி கரை உடைத்து நகருக்குள் புகுந்தபோது, அப்போது பூங்காவாக இருந்த இந்த இடத்தில் சுமார் 150 பேர் இம்மரத்தின் மேல் ஏறி உயிர் தப்பினார்கள். ஏறாதவர்கள், ஏற முடியாதவர்கள், ஏறுவதற்கு மரம் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதற்குத் துல்லியமான கணக்கு இல்லை. இறந்தவர்கள் 15,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். அதைவிட மிக அதிகம் என்போரும் உண்டு. தமிழில் 'வெள்ளம்' என்ற சொல்லுக்குப் பெருக்கு என்பதோடு எண்ணிக்கையில் அடங்காத ஒரு பேரெண் என்ற பொருளும் இருக்கிறது. கம்பனின் வானர சேனை எழுபது வெள்ளம். கல்லூரியில் தமிழ் படித்தபோது மனப்பாடம் செய்த இந்தப் பொருள், இம்மரத்தடியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

மரத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. 2020 அக்டோபர் 13 இரவு ஹைதராபாத்தில் பெய்த மழையை இந்நகரவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். நான் அப்போது தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தேன். பதினோரு மணிக்குக் கழிவறை வழியாகத் தண்ணீர் மேலே வந்தது. நள்ளிரவுக்குள் கட்டில் உயரம். இரண்டு ஆண்டுகளாக மொழிபெயர்த்து வைத்திருந்த ஒரு நாவலின் கைப்பிரதி, அகராதிகள், அப்பா எழுதிய கடிதங்கள் எல்லாம் கீழ்த்தட்டில் இருந்தன. காலையில் கூழாகக் கிடந்தவற்றை அள்ளி வெளியே போட்டபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார்: "இந்தக் காலனி இருக்கும் இடம் ஒரு குண்ட்டா. உங்களுக்குத் தெரியாதா?" தெலுங்கில் குண்ட்டா என்றால் குட்டை. காலனியின் பெயரிலேயே அது இருந்தது. மொழிபெயர்ப்பாளனான நான் அந்த ஒரு சொல்லை மட்டும் மொழிபெயர்க்காமல் ஆறு வருடம் குடியிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இந்த ஊரை நடந்து படிக்கத் தொடங்கினேன்.

புளியந்தோப்பில் இறங்கி

நடைக்கு ஏற்ற நேரம் ஞாயிறு காலை ஏழு மணி. கடைகள் திறந்திருக்காது. கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும். மெட்ரோ ரயிலில் வந்தால் எம்.ஜி.பி.எஸ். நிலையத்தில் இறங்கலாம். மகாத்மா காந்தி பஸ் நிலையம் என்ற முழுப்பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை. பழைய ஆட்களுக்கு அது இம்லிபன். 'இம்லி' என்றால் புளி. இம்லிபன் என்றால் புளியந்தோப்பு. சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர் சிரிப்பை வரவழைக்கலாம். அங்கேயும் மழைக்காலத்தில் புளியந்தோப்பின் நிலை தெரிந்ததுதானே!

இந்தப் பஸ் நிலையம் மூசியின் கரையில் இல்லை. ஆற்றின் இரு கிளைகளுக்கு நடுவே, திட்டில் இருக்கிறது. பாலத்தின் மேல் நின்று பார்த்தால்தான் இது புரியும். பஸ் பிடிக்கும் அவசரத்தில் யார் நின்று பார்க்கிறார்கள்?

என்னோடு நடக்க வருபவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழர், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். தமிழில் தொடங்கி தெலுங்கில் நடந்து தக்கிணி உருதுவில் முடிப்பது அவர் பேச்சு வழக்கம். ஆட்டோக்காரர் சார்மினாருக்கு நூறு ரூபாய் என்று கூப்பிட்டால் "நக்கோ பாய்" என்று கையசைப்பார். 'வேண்டாம்' என்பதற்கு இங்கே வழங்கும் இந்தச் சொல் மராட்டியில் இருந்து வந்தது. "தம்பி, இந்த ஊர் பாஷை மாதிரிதான் இந்த ஊரும். எதுவும் இங்கேயே முளைச்சதில்லை. எல்லாம் வந்து சேர்ந்தது" என்பார்.

கடல் இல்லாத இந்த ஊருக்குத் துறைமுக நகரத்தின் முகம் இருப்பது அதனால்தான். கோல்கொண்டா சுல்தான்களுக்குக் கடல்வாசல் மசூலிப்பட்டினம். பாரசீகப் புலவரும் ஆர்மீனிய வணிகரும் வந்தார்கள். பாரசீக வளைகுடாவில் குளித்தெடுத்த பாஸ்ரா முத்துக்கள் இங்கே கோக்கப்பட்டன. ஏமனின் ஹத்ரமவுத்திலிருந்து வந்த அரபு வீரர்களின் 'பாரக்ஸ்', இன்று பார்க்கஸ் என்ற பேட்டையாக இருக்கிறது. வந்து சேர்ந்தவற்றில் வெள்ளமும் ஒன்று.

மரமும் மருத்துவமனையும்

இம்லிபனில் இருந்து அப்சல்கஞ்ச் நடைதூரம். மருத்துவமனை வாசலில் டீக்கடை, பழக்கடை, வராந்தாவில் உறங்கும் நோயாளிகளின் உறவினர்கள் என எந்த அரசு ஆஸ்பத்திரிக்கும் உரிய காட்சி. தலையை உயர்த்தினால் குவிமாடங்கள். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வின்சென்ட் எஷ் வடிவமைத்து 1920களில் எழுந்த கட்டடம் இது. இங்கே முன்பிருந்த அப்சல்கஞ்ச் மருத்துவமனையும் உலகப் புகழ் பெற்றதுதான். குளோரோபாரம் மயக்க மருந்து இதயத்தைப் பாதிக்குமா, சுவாசத்தைப் பாதிக்குமா என்று 1880களின் இறுதியில் டாக்டர் எட்வர்ட் லாரி நடத்திய 'ஹைதராபாத் குளோரோபாரம் கமிஷன்' சோதனைகள் அதோடு தொடர்புடையவை. அந்த மருத்துவமனையை 1908 வெள்ளம் அழித்தது.

புதிய கட்டடத்தையும் தண்ணீர் விடவில்லை. 2020 ஜூலையில் பெய்த மழையில் வார்டுகளுக்குள் முழங்கால் அளவு நீர் புகுந்தது. பழைய கட்டடம் காலி செய்யப்பட்டது. இடிப்பதா, காப்பதா என்ற வாதம் வருடக்கணக்கில் நடந்தது. 2025 ஜனவரியில் கோஷாமஹாலில் புதிய மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

மரத்தடியில் நிற்கும்போது நினைவுக்கு வருபவர் அம்ஜத் ஹைதராபாதி. ருபாயி என்ற நான்கடிப் பாடல்களால் உருது இலக்கியத்தில் இடம்பிடித்தவர். அந்த வெள்ளத்தில் தாயையும் மனைவியையும் மகளையும் இழந்து, குடும்பத்தில் அவர் மட்டும் பிழைத்தார். அதைப் பற்றி அவர் எழுதிய கவிதைக்குத் தலைப்பு 'கியாமத்-எ-சுக்ரா'. கியாமத் என்றால் உலகின் இறுதி நாள். சுக்ரா என்றால் சிறியது. 'சின்ன ஊழி' என்று தமிழில் சொல்லலாம். உலகம் அழியவில்லை, என் வீடு மட்டும்தான் அழிந்தது என்ற தொனி அந்தத் தலைப்பில் இருக்கிறது. அம்ஜத் 1961 வரை வாழ்ந்தார். மூழ்கிய ஊரிலேயே மிச்ச வாழ்நாள் முழுவதும் இருந்தார்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 28 அன்று நகர ஆர்வலர்கள் மரத்தடியில் கூடி இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துவது வழக்கம். மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பழைய 'புதிய பாலம்'

மருத்துவமனையை விட்டு வெளியே வந்தால் நயாபுல். பெயருக்குப் பொருள் புதிய பாலம். ஐந்தாம் நிஜாம் அப்சல்-உத்-தௌலா காலத்தில் முதலில் கட்டப்பட்டது. மேற்கே இருக்கும் புராணாபுல்லோடு ஒப்பிட்டால் இது குழந்தைதான். புராணாபுல் 1578ல், அதாவது ஹைதராபாத் என்ற ஊர் தோன்றுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்டது. இளவரசன் முகமது குலி, காதலி பாகமதியைப் பார்க்க வெள்ளத்தில் குதிரையை இறக்கியதாகவும், பதறிய தந்தை இப்ராஹிம் பாலம் கட்டியதாகவும் கதை. இளவரசனுக்கு அப்போது வயது பன்னிரண்டு, பதின்மூன்றுதான் இருக்கும் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். பிரெஞ்சு வணிகர் தவேர்னியே இதைப் பாரிஸ் நகரின் பாலத்தோடு ஒப்பிட்டார். அந்தப் பாலத்தின் பெயருக்கும் பொருள் 'புதிய பாலம்'தான்! 1908ல் மற்றப் பாலங்கள் பலத்த சேதமடைந்தபோது, தாக்குப்பிடித்தது இந்தப் பழசுதான்.

நயாபுல்லின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பாருங்கள். மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். விகாராபாத் பக்கம் அனந்தகிரி மலையில் தெளிவாகப் பிறக்கும் மூசி, இங்கே நகரின் சாக்கடையாக ஓடுகிறது. வருடத்தில் முக்கால்வாசி நாட்கள் இது ஆளை மூழ்கடிக்கும் ஆறு என்று சொன்னால் நம்ப முடியாது. ஆபத்தே அதுதான்.

1908ல் நடந்தது என்ன? வங்கக் கடலில் இருந்து வந்த புயல் மழை மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கொட்டியது. அங்கே சதுர மைலுக்கு ஒன்று என்ற அளவில் ஏரிகள். ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும் சங்கிலி அமைப்பு. மேலே ஒரு கரை உடைந்தால் கீழே உள்ளது தாங்காது. 788 ஏரிகளில் 221 உடைந்தன என்று கணக்கெடுத்தவர் எம். விஸ்வேஸ்வரய்யா. பம்பாய் அரசுப் பணியை விட்டு வெளிநாட்டில் சுற்றிக்கொண்டிருந்தவரை நிஜாம் அரசு அழைத்தது. 1909ல் வந்து ஆராய்ந்த அவர், வெள்ளத்தை ஊருக்குள் வந்தபின் தடுக்க முடியாது, ஊருக்கு மேலேயே பிடித்து வைக்க வேண்டும் என்றார். அப்படி எழுந்தவைதான் மூசியின் மேல் உஸ்மான் சாகர் (1920), துணையாறு ஈசியின் மேல் ஹிமாயத் சாகர் (1927). வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியவை நகருக்குப் பல தலைமுறைகள் குடிநீரும் தந்தன. உஸ்மான் சாகரின் இன்னொரு பெயர் கண்டிப்பேட்டை. "கண்டிப்பேட்டைத் தண்ணி குடிச்சவன் ஊரை விட்டுப் போக மாட்டான்" என்கிறார் என் நண்பர், போகாதவர்.

இந்த ஏரிகளின் நீர்ப்பிடிப்பைக் காக்க 1996ல் அரசாணை 111 வந்தது. சுற்றிலும் 10 கிலோமீட்டருக்குள், 84 கிராமங்களில் பெரிய கட்டுமானங்களுக்குத் தடை. நகரம் மேற்கே ஐ.டி. நிறுவனங்களோடு வீங்கியபோது அந்த மண் தங்கமானது. கிருஷ்ணா, கோதாவரி நீர் வந்துவிட்டது, இந்த ஏரிகளைக் குடிநீருக்கு நம்பத் தேவையில்லை என்ற வாதத்தோடு கட்டுப்பாட்டை நீக்கும் ஆணை 2022 ஏப்ரலில் வெளியானது. சர்ச்சை ஓயவில்லை. குடிநீருக்கு வேண்டாம் என்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த அணைகள் குடிப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல என்பதை நயாபுல்லில் நின்று யோசித்தால் எளிதில் விளங்கும்.

ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 2024ல் மூசியைச் சீரமைக்கும் திட்டத்துக்காகச் சாதர்காட் பகுதியில் ஆற்றுப்படுகை வீடுகளில் சிவப்பு மையில் குறியிட்டார்கள். மக்கள் கொதித்தார்கள். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அந்த வீடுகள் என்பதும் உண்மை. வேறு எங்கும் இடம் கிடைக்காமல்தான் அங்கே குடியேறினார்கள் என்பதும் உண்மை. ஏரிக்குள் எழுந்த அடுக்குமாடிகளுக்கு அதே வேகத்தில் மை பூசப்படுகிறதா என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

சுவரில் எழுதிய வெள்ளம்

பாலத்தைத் தாண்டினால் வலப்பக்கம் உயர் நீதிமன்றம். சிவப்புக் கல்லும் கருங்கல்லுமாக 1920ல் திறக்கப்பட்டது. ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே நிற்கும் நீதிமன்றமும் மருத்துவமனையும், பழமை போலத் தோன்றினாலும், வெள்ளத்துக்குப் பின் பிறந்தவை. 1911ல் பட்டத்துக்கு வந்த ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் அடுத்த ஆண்டே நகர மேம்பாட்டு வாரியம் ஒன்றை அமைத்தார். இடிபாடுகள் அகற்றப்பட்டன. தெருக்கள் அகலமாயின.

மதீனா சந்திப்பில் இருந்து தெற்கே சார்மினாரை நோக்கித் திரும்பினால் அந்த வாரியத்தின் கைவண்ணம் இரு பக்கமும் நீள்கிறது. பத்தர்கட்டி. 'பத்தர்' என்றால் கல். கல் வளைவுகள் வரிசையாக நிற்க, பின்னால் கடைகள், மேலே வீடுகள். வெயிலும் மழையும் படாமல் நடந்துகொண்டே வாங்கலாம். பத்து மணிக்கு மேல் துணிக்கடைப் பலகைகளும் தொங்கும் ஷெர்வானிகளும் வளைவுகளை மூடிவிடும். சுற்றுலாப் பயணிகள் இதைக் குதுப் ஷாஹி காலத்துத் தெரு என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு வயது நூறை ஒட்டித்தான்.

உண்மையான குதுப் ஷாஹி கட்டடம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. மொஹரம் துக்க நாட்களுக்காக 1590களில் முகமது குலி குதுப் ஷா கட்டிய பாதுஷாஹி ஆஷூர்கானா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் சுவர் முழுவதும் நீலம், மஞ்சள், பச்சை. 1611ல் பதித்த பீங்கான் ஓடுகள். மேலே ஓடுகள் பளபளக்க, கீழே மட்டும் மங்கலாக, தட்டையாக ஒரு பகுதி. அங்கே இருப்பது ஓடு இல்லை, பெயின்ட். 1908ல் உள்ளே புகுந்த நீரில் கீழ்ப்பகுதி ஓடுகள் உதிர்ந்துவிட, அதே கோலங்களை வண்ணத்தில் வரைந்து ஒப்பேற்றினார்கள்.

கலைநோக்கில் இது குறை. எனக்கோ இந்த நடையிலேயே முக்கியமான காட்சி இதுதான். வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதை அந்தச் சுவர் கையெழுத்திட்டுக் காட்டுகிறது. என் வாடகை வீட்டுச் சுவரில் படிந்த கோட்டை, அடுத்த குடித்தனக்காரர் வருவதற்குள் வீட்டுக்காரர் வெள்ளையடித்துவிட்டார்.

நான்கு கமான்களுக்கு நடுவே

மீண்டும் தெருவுக்கு வந்தால் மச்லி கமான் வரவேற்கிறது. வளைவுக்கு நாம் தமிழில் சொல்லும் அதே கமான்தான். நான்கு திசைக்கு நான்கு கமான்கள், நடுவே குல்ஜார் ஹவுஸ் என்ற நீர்த்தொட்டி. அதைச் சுற்றி ஸ்கூட்டர்கள் சுழல்கின்றன. தெற்குக் கமானைத் தாண்டினால் சார்மினார். 1591ல், ஹிஜ்ரி ஆண்டு ஆயிரத்தை ஒட்டி எழுந்தது. கொள்ளை நோய் நீங்கியதற்கு நன்றியாகக் கட்டியது என்பது வழிவழியாக வரும் கதை. உண்மையானால் இந்த ஊரின் முதல் கட்டடமே ஒரு பேரழிவின் நினைவுச் சின்னம்.

லாட் பஜாரில் அரக்கு வளையல்களுக்கு அடுப்பு மூட்ட இன்னும் நேரம் இருக்கிறது. 2024ல் புவிசார் குறியீடு பெற்ற வளையல்கள் இவை. மக்கா மசூதியின் முற்றத்தில் புறாக்கள். பார்த்துவிட்டு வந்து, சார்மினாரின் காலடியில் இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும். இந்த பிஸ்கட் உஸ்மானியா மருத்துவமனை நோயாளிகளுக்காக முதலில் செய்யப்பட்டது என்று ஒரு கதை. நிஜாம் பெயரால் வந்தது என்று இன்னொன்று. எதுவானாலும் நடை தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுகிறது நினைப்பு.

கரீபியன் கடலில் மார்ட்டினிக் தீவில் சான் பியர் என்றொரு துறைமுக நகரம். காரைக்கால், பாண்டிச்சேரி வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் தீவு அது. 1902 மே 8 அன்று பெலே எரிமலை வெடித்துச் சில நிமிடங்களில் ஊரே எரிந்தது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டார்கள். இன்று அங்கே போகிறவர்கள் நடந்து பார்ப்பதே அந்த அழிவைத்தான். இடிந்த தியேட்டர், கைதி ஒருவன் உயிர் பிழைத்த சிறைக் கொட்டடி. நம் தனுஷ்கோடியும் அப்படித்தான், 1964 புயலுக்குப் பின் இடிந்த தேவாலயத்தைப் பார்க்கத்தான் கூட்டம். அழிந்து கிடந்தால் நினைவில் வைத்திருக்கிறோம். அழகாகத் திருப்பிக் கட்டிவிட்டால் மறந்துவிடுகிறோம். ஹைதராபாத் அழகாகக் கட்டப்பட்டுவிட்டது.

2025 செப்டம்பர் கடைசி வாரத்தில் பெருமழை. இரு சாகர்களின் மதகுகளும் திறக்கப்பட்டு மூசி பெருக்கெடுத்தது. நள்ளிரவில் இம்லிபன் பஸ் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்து பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். 117 ஆண்டுகளுக்கு முந்தைய அதே வாரம். அணைகள் இருந்ததால் பஸ்களைத் திருப்பி விடுவதோடு போயிற்று. 'ஆற்றுக்கு நடுவே தண்ணீர் எப்படி வந்தது?' என்று டி.வி.யில் ஆச்சரியப்பட்டார்கள்.

சாய் குடித்துவிட்டுத் திரும்பும்போது நண்பர் எப்போதும் நயாபுல் வரை நடந்தே வருவார். சார்மினாரில் இருந்து பாலம் வரை கால்களுக்குச் சிரமமே இல்லை. காரணம் கேட்டால் கையைத் தாழ்த்திக் காட்டுகிறார்: "சரிவு, தம்பி. நமக்கு நடக்கிறப்ப தெரியுது. தண்ணிக்கு எப்பவும் தெரியும்."